கடைப் பலகைமேல் பூசிய மை

அமெரிக்கர்களுக்குத் தாத்தாவைத் தாண்டி யாரையும் தெரியாது என்று எனக்குள் நெடுநாளாக ஒரு நினைப்பு. நம் வீடுகளில் வாசற்கதவுக்கு மேலே பாட்டன் பூட்டன் எல்லாம் பொட்டும் மாலையுமாக வரிசையில் இருப்பார்கள். இவர்கள் சுவரில் யார் இருக்கிறார்கள்? அந்த இளக்காரத்தோடுதான் அயோவா மாநிலத்து டேவன்போர்ட்டில், நண்பரின் உறவினர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன்.

எண்பதைத் தாண்டிய அக்கா. சில வயது இளைய தம்பி. வெந்த உருளைக்கிழங்கைச் சூட்டோடு நறுக்கி, பன்றிக்கொழுப்பில் வதக்கிய வெங்காயத்தையும் வினிகரையும் அக்கா அதன்மேல் ஊற்றினார். புளிப்பு வாசனை மூக்கில் ஏறியது. தட்டு வைக்கத்தான் இடமில்லை. மேசை முழுக்கப் புகைப்படங்கள்.

எல்லாம் கனத்த அட்டையில் ஒட்டிய கேபினட் கார்டுகள். முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சிட்டவை, தேன் நிறத்துக்குப் பழுத்திருந்தன. ஒன்றை மட்டும் அக்கா தனியாக எடுத்து நீட்டினார். ஓர் இறைச்சிக்கடை. வாசலில் ஏப்ரன் கட்டிய கொள்ளுத்தாத்தா, ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனிலிருந்து வந்தவர். அருகில் இரண்டு பையன்கள்; ஒருவன் தலையை அசைத்துவிட்டதில் முகம் கலங்கியிருந்தது. மூவருக்கும் மேலே, பெயர்ப்பலகை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு மை. பேனா முனையால் கீறிக் கீறி நிரப்பியது. அட்டையைச் சாய்த்தால் ஒவ்வொரு கீறலும் தெரிந்தது.

அமெரிக்கா ஜெர்மனியோடு போரில் இருந்த 1918 மே மாதம், அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங் ஓர் ஆணை போட்டார். பள்ளியில், தேவாலயத்தில், ரயிலில், தொலைபேசியில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும். டேவன்போர்ட் இருக்கும் ஸ்காட் கவுண்டியிலேயே, தொலைபேசியில் ஜெர்மன் பேசிய பெண்களுக்கு 225 டாலர் அபராதம் விழுந்தது. 1851இல் தொடங்கிய டெர் டெமோக்ராட் என்ற ஜெர்மன் பத்திரிகை அந்த ஆண்டே நின்றுபோனது. படம் அப்போது கடைக்குள் மாட்டியிருந்ததாம். வருகிறவர்கள் கண்ணில் ஜெர்மன் எழுத்து படக்கூடாதென்று, மாமனாரின் பலகையை மருமகள் மையால் மூடினாள். இந்த இருவரின் பாட்டி அவள்.

தம்பி மடிக்கணினியைத் திறந்தார். திரையில் அதே படம், மை மட்டும் போயிருந்தது. பலகையில் எழுத்துகள் பளிச்சென்று இருந்தன.

“எவ்வளவு சுத்தமா இருக்கு பார்!”

அக்கா முள்கரண்டியைக் கீழே வைத்தார். “அந்த எழுத்தை நீ பார்த்தியா? நான் பார்த்தேனா? உன் கம்ப்யூட்டர் எங்கே பார்த்தது?”

“பேரப்பிள்ளைங்களுக்கு இந்தக் கறையோடயா குடுக்கறது? அசிங்கமா இருக்கு.”

“பாட்டி பயந்தது அசிங்கமா?”

தம்பியிடம் பதில் இல்லை. நான் முழுக்க அக்கா பக்கம். மையை எடுத்துவிட்டால் அந்தப் படத்தில் ஒரு கசாப்புக் கடைக்காரர் மட்டும்தான் மிஞ்சுவார். ஓர் ஊரே தன் பேச்சை விழுங்கிக்கொண்ட ஆண்டு அதோடு போய்விடும். என் வீட்டுச் சுவரில் இருக்கிறவர்கள் எதற்கெல்லாம் நடுங்கினார்கள் என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. சாப்பாட்டில் மனம் போகவில்லை.

கடைசியில் தம்பி இறங்கி வந்தார். மையோடு எடுத்த ஸ்கேன்தான் எல்லோருக்கும் போகும். அட்டைக்கு அமிலமில்லாத உறை வாங்கலாம். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் வரை தடம் விழும் என்று பென்சில் தேடி எடுத்து, பின்பக்கத்தில் “மை பூசியது பாட்டி, 1918 மே” என்று எழுதப் போனார்.

அக்கா கையைப் பிடித்தார். “ஆணை வந்ததே மே கடைசியிலதான். ஜூன்னு போடு.”

“பாட்டிக்கு அவ்வளவு பொறுமை ஏது?” என்றார் தம்பி.