இரட்சிப்பின் நிச்சயம்

எத்தனை எழுப்புதல் கூட்டங்களில் கை உயர்த்தி, முன்னால் போய் முழங்கால் போட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. வீடு திரும்பி விளக்கை அணைத்ததும் அதே கேள்வி வரும்: இன்று ராத்திரி கர்த்தர் வந்தால் நான் கைவிடப்படுவேனோ?

பிரசங்கியார் ஜான் வெஸ்லியின் நாட்குறிப்புதான் எனக்குத் துணையானது. 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டபோது, தன் பாவம் நீங்கியது என்ற நிச்சயம் அவருக்குள் வந்தது. பிரசங்கங்களில் இந்தப் பாதியைத்தான் சொல்வார்கள். அடுத்த ஜனவரியிலேயே, தான் கிறிஸ்தவனே அல்ல என்று அதே நாட்குறிப்பில் எழுதினார். அப்படி எழுதியவர்தான் அதன்பின் 50 ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகப் பிரசங்கித்தார்.

மாற்கு 9ஆம் அதிகாரத்தில் தன் பிள்ளையை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பனும் விசுவாசிக்கிறேன் என்று சொன்ன வாயாலேயே தன் அவிசுவாசத்துக்கு உதவி கேட்டு அழுதான். அந்த அரைகுறை விசுவாசத்தோடு நின்றவனின் பிள்ளையை இயேசு சுகமாக்கினார். பயம் வரும் இரவுகளில் இப்போது என் உள்ளத்தைக் கிளறிப் பார்ப்பதில்லை. அவர் சிலுவையில் செய்து முடித்ததை வாசிக்கிறேன்.

இதே கேள்வியோடு விழித்திருக்கிறவர்களே, இன்றிரவு மாற்கு 9ஐத் திறந்து வாசியுங்கள். தனியாகச் சுமக்காதீர்கள், எனக்கு எழுதுங்கள். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.