விரலடியில் இருந்த கியர்

கொல்லிமலைப் பங்கிற்கு நாம் மாற்றலாகி வந்து ஆறு ஆண்டுகள் நிறைவுறுகின்றன. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து சோளக்காடு நோக்கி ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணைத் தாங்கிய பலகை நிற்கிறது. ஏறுகையில் எண் கூடிக்கொண்டே போகும். இறங்குகையில் குறைந்துகொண்டே வரும். வல்வில் ஓரி ஆண்ட மலை என்று தமிழாசிரியர் நமக்குச் சொல்லித் தந்ததுண்டு. ஆனால் இம்மலை நமக்குக் கற்றுத் தந்த பாடத்தை எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. அதனை இங்கே எழுதி வைப்பது, இறங்கும் வழியில் நம்மைப் போன்றே அசட்டையாய் இருக்கும் யாருக்கேனும் உதவக்கூடும்.

நாம் குருப்பட்டம் பெற்ற நாள் முதல் ஓட்டியதெல்லாம் ஜீப்புதான். கிளச்சை மிதித்து, கையால் கியர்க்கம்பைத் தள்ளி, விசைப்பொறியின் உறுமலைக் காதால் கேட்டு ஓட்டும் வண்டி. இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்த அந்த ஜீப்பு ஒருநாள் ஓய்ந்தது. அப்போது சமவெளியில் வாழும் நன்கொடையாளர் ஒருவர் தாம் சில ஆண்டுகள் ஓட்டிய வண்டியைப் பங்கிற்குக் கொடுத்தார். நான்கு சக்கரங்களுக்கும் விசை பாயும் வண்டி. அத்துடன் தானியங்கி கியர். இடது காலுக்கு வேலையே இல்லை. கியர்க்கம்பை 'டி' என்னும் எழுத்தில் வைத்துவிட்டால் மற்றதை வண்டியே பார்த்துக்கொள்ளும் என்றார் அவர். நாமும் அப்படியே நம்பினோம்.

ஸ்டியரிங் வளையத்தின் பின்புறம் இடத்தில் ஒன்றும் வலத்தில் ஒன்றுமாக இரண்டு சிறிய தகடுகள் இருந்தன. இடத் தகட்டில் கழித்தல் குறியும் வலத் தகட்டில் கூட்டல் குறியும் பொறிக்கப்பட்டிருந்தன. இவற்றைப் பேடில் என்கிறார்கள். கையை ஸ்டியரிங்கை விட்டு எடுக்காமலே விரலால் இழுத்துக் கியரைக் குறைக்கவும் கூட்டவும் இவை பயன்படுகின்றன. பந்தயக் களத்திலிருந்து வந்த ஏற்பாடு இது. 1989 ஆம் ஆண்டு பிரேசில் நாட்டுப் பந்தயத்தில் ஃபெராரி நிறுவனம் இத்தகைய பேடில் பொருத்திய வண்டியை முதன்முதலாக இறக்கியது. நைஜல் மான்செல் என்னும் ஓட்டுநர் அதே போட்டியில் வெற்றியும் பெற்றார். 'பந்தயக்காரர்களின் விளையாட்டுப் பொருள் பங்குச் சாமியாருக்கு எதற்கு?' என்று நாம் அவற்றைத் தொட்டதே இல்லை. கையேட்டைப் புரட்டியதும் இல்லை.

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் நம் உபதேசியாருக்கு நாமக்கல்லில் கண்புரை அறுவை செய்ய நாள் குறித்திருந்தார்கள். எழுபதைக் கடந்தவர். இம்மலையின் எந்தக் குக்கிராமத்தில் எந்த வீட்டில் யார் நோயுற்றிருக்கிறார் என்பதை மனத்திலேயே எழுதி வைத்திருப்பவர். இரு கண்களிலும் புரை முற்றி, நம் முகமே அவருக்கு வெண்மூட்டமாய்த் தெரியும் நிலை. விடியற்காலை ஐந்து மணிக்கு அவரை முன்னிருக்கையில் அமர்த்திப் புறப்பட்டோம். இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மூடுபனி மிளகுக் கொடிகளின் மேல் படிந்திருந்தது.

கியர்க்கம்பு வழக்கம்போல் 'டி'யில் இருந்தது. வளைவு வரும்போதெல்லாம் பிரேக்கை மிதித்தோம், வளைவு கடந்ததும் வண்டி தானே ஓடத் தொடங்கும், மீண்டும் மிதித்தோம். நாற்பதாம் வளைவைத் தாண்டிய பின் உபதேசியார் மூக்கைச் சுருக்கினார்.

"சாமி, ஏதோ கருகுற வாடை வருதுங்க."

"அடுப்பு மூட்டியிருப்பார்கள், உபதேசியாரே" என்றோம். அவ்விடத்தில் வீடே இல்லை என்பது கண் தெரியாத அவருக்குத் தெரிந்திருந்தது; கண் தெரிந்த நாம் எண்ணிப் பார்க்கவில்லை. இன்னும் சில வளைவுகள் கடந்தன. முப்பத்தொன்றாம் வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தபோது மிதி வழக்கத்தைவிட ஆழமாய், பஞ்சை மிதித்தாற்போல் இறங்கியது. வண்டி வேகம் தணிந்தது. ஆனால் நாம் நினைத்த இடத்தில் தணியவில்லை. முன்விளக்கின் ஒளியில் சாலையோரச் சுவர் நெருங்கி வந்தது. மீண்டும் மீண்டும் மிதித்து, கைபிரேக்கையும் இழுத்து, வளைவின் உட்புறத்தில் அகலமாயிருந்த இடத்தில் ஒருவாறு நின்றோம். முன் சக்கரங்களிலிருந்து புகை எழுந்தது. உபதேசியார் ஒன்றும் கேட்கவில்லை. தடவித் தடவி இறங்கி, ஓரத்தில் கிடந்த கல் ஒன்றைக் காலால் உணர்ந்து எடுத்து, பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். நம் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

அன்னாசிப் பழம் ஏற்றி இறங்கி வந்த சிறு சரக்கு வண்டி ஒன்று நம்மைக் கண்டு நின்றது. ஓட்டி வந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க மலைவாசி இளைஞர். கோவையில் சில காலம் வாடகை வண்டி ஓட்டியவர். சக்கரத்தருகே குனிந்து பார்த்தார்.

"தண்ணி கிண்ணி ஊத்திராதீங்க சாமி. சூட்டுல தட்டு கோணிக்கும். தானா ஆறட்டும்" என்றார். பிறகு, "எந்தக் கியர்ல ஏறுறமோ அந்தக் கியர்ல இறங்கணும்னு எங்கப்பா சொல்லுவாருங்க. நீங்க எதுல இறங்குனீங்க?" என்று கேட்டார்.

"இதில் கியர் போடும் வேலையே இல்லையே, தம்பி."

அவர் சிரிக்கவில்லை. கதவு வழியே கையை நீட்டி ஸ்டியரிங்கின் பின்னாலிருந்த இடத் தகட்டைத் தொட்டுக் காட்டினார். "இருக்குதுங்களே சாமி. உங்க விரலுக்கு அடியிலயே இருக்குது."

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அந்த நேரத்தில் அவர் சொல்லியதையும், பின்னர் நாம் கையேட்டைப் படித்து அறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறோம்.

இரண்டு டன் எடையுள்ள வண்டி ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது விடுபடும் ஆற்றல் ஏறத்தாழ 2 கோடி ஜூல். அறுபது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அந்த வெப்பம் எங்கேனும் போயாக வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் உள்ளங்கை அகலமுள்ள சில பிரேக் கட்டைகளே முழுவதையும் தாங்க வேண்டும். அவை அளவு மீறிச் சூடானால் பிடிப்புக் குறையும். பிரேக் எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தை நாளடைவில் உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேர்ந்த எண்ணெய் விரைவில் கொதித்து ஆவிக் குமிழிகளை உண்டாக்கும். திரவம் அழுத்தத்தைக் கடத்தும், குமிழியோ நசுங்கிவிடும். நாம் பஞ்சை மிதித்ததாக உணர்ந்தது அதனால்தான்.

தாழ்ந்த கியரில் இறங்கினால் சக்கரங்கள் விசைப்பொறியை வேகமாய்ச் சுழற்ற வேண்டியிருக்கும். அந்தச் சுமையே வண்டியை இழுத்துப் பிடிக்கும். 'டி'யில் விட்டால், முடுக்கியிலிருந்து கால் எடுத்ததும் எரிபொருளை மிச்சப்படுத்தும் நோக்கில் கியர்ப்பெட்டி மேல் கியருக்குத் தாவிவிடும். இழுத்துப் பிடிக்கும் வலு குன்றிவிடும். இறக்கத்தை உணர்ந்து தாமே கியரைக் குறைக்கும் வண்டிகளும் உண்டு. எல்லா வண்டிகளும் அப்படியல்ல. 'டி'யில் இருந்துகொண்டே பேடிலை இழுத்தாலும், பல வண்டிகளில் சற்று நேரத்தில் கியர்ப்பெட்டி பழையபடி தன் போக்குக்குத் திரும்பிவிடும். ஆகவே நீண்ட இறக்கத்தில் கியர்க்கம்பைக் கைமுறை நிலைக்கு மாற்றிய பின்னரே பேடிலைத் தொட வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் விசை பாய்வதால் இறக்கத்தில் காப்பு உண்டு என்று நாம் எண்ணியதும் பிழை. அது சேற்றிலும் சரளையிலும் முன்னேற உதவும். பிரேக்கின் வலுவைக் கூட்டாது. நம் வண்டியைப் போல் வேண்டும்போது மட்டும் நாற்சக்கர விசையை இணைக்கும் வண்டிகளில், உலர்ந்த தார்ச்சாலையின் குறுகிய வளைவுகளில் அதை இணைப்பதே கூடாது. முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தொலைவு உருள்வதால் பற்சக்கரங்கள் திணறும்.

இருக்கையில் அமர்ந்து காத்திருந்தபோது 1914 இல் பிறந்து இம்மலையில் வளர்ந்த ஒரு மருத்துவரின் நினைவு வந்தது. பால் பிராண்ட் என்பது அவர் பெயர். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் இங்கேயே உழைத்து 1929 இல் கருநீர்க் காய்ச்சலால் இறந்தவர். தாய் எவலின், முதுமையிலும் இம்மலைகளை விடாதவர். மகனோ 1946 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளரின் கைகளைச் சீரமைத்தார். நோயால் விரல்கள் தாமே அழுகி உதிர்வதில்லை. வலி தெரியாமற் போவதால், சுடுவதும் வெட்டுவதும் உறைக்காமல், நாளுக்கு நாள் காயமுற்றே அவை சிதைகின்றன என்று அவர் உலகிற்கு எடுத்துக் காட்டினார். வலி ஒரு கொடை என்பது அவர் வாழ்நாள் முழுதும் வற்புறுத்திய கருத்து. கருகும் வாடை நம் வண்டியின் வலி. அதை முகர்ந்தவர் சொன்னார். நாம் அடுப்புப் புகை என்றோம். பங்குப் பணியிலும் இவ்வாறு எத்தனை பேர் வாடை வருகிறது என்று சொல்லி, நாம் வேறெதையோ காரணம் காட்டியிருக்கிறோம் என்று எண்ணியபோது மனம் கனத்தது.

மீதமிருந்த வளைவுகளைக் கைமுறை நிலையில், இரண்டாம் கியரில் இறங்கினோம். விசைப்பொறி உரத்து முனகியது. ஆனால் வண்டி நம் சொல் கேட்டது. அங்கும் ஒரு தவறு செய்தோம். ஒரு வளைவின் நடுவில், ஸ்டியரிங் பாதிக்கு மேல் திரும்பியிருந்தபோது, முதல் கியருக்கு மாற்ற எண்ணி இடப்பக்கமிருந்த தகட்டை இழுத்தோம். வண்டி துள்ளி முன்னே பாய்ந்தது. ஸ்டியரிங்கோடு சேர்ந்து தகடுகளும் சுழலுமாதலால் கூட்டல் தகடு இடப்பக்கம் வந்திருந்தது! பிரேக் ஆறியிருந்ததால் பிழைத்தோம். கியரை வளைவுக்குள் தேடக்கூடாது. வளைவுக்கு முன்பே தேர்ந்துகொள்ள வேண்டும். விவேகம் என்னும் நற்பண்பின் உறுப்புகளுள் ஒன்றாக முன்னறிதலைப் புனித தோமா அக்குவினார் வைத்தார் என்று குருமடத்தில் தேர்வுக்காக மனனம் செய்தோம். அதன் பொருள் முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு மலைச்சாலையில் விளங்கியது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பேடிலால் வேகம் குறையும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரிவதில்லை. பின்னே வருபவர் அறியும்படி பிரேக்கை ஒருமுறை இலேசாகத் தொடுவது நல்லது. நம் வேகம் நம்மை மட்டும் சார்ந்ததன்று.

அறுவை நன்றாக நடந்தது. பணிமனையில் பிரேக் கட்டைகளையும் எண்ணெயையும் மாற்றினோம். மூன்றாம் நாள் மாலை ஒரு கண்ணில் கறுப்புக் கண்ணாடி நிழலிட, உபதேசியாருடன் மலையேறினோம். சிறு பிள்ளையைப் போல் ஒவ்வொரு பலகையையும் உரக்கப் படித்துக்கொண்டு வந்தார். "இருபத்தொன்பதுங்க சாமி... முப்பதுங்க..." அடுத்த வளைவில் சட்டென்று, "நிறுத்துங்க சாமி" என்றார்.

சாலையின் உட்புறத்தில், தார் மேல், ஒரு கல் கிடந்தது. அன்று நாம் முட்டுக் கொடுத்த அதே கல். ஆபத்து நீங்கிய மகிழ்ச்சியில் அதை அப்படியே விட்டுப் போயிருந்தோம். இரண்டு இரவுகள் அது அங்கே கிடந்திருக்கிறது. எத்தனை இருசக்கர வண்டிகள் அதை விலக்கிப் போயினவோ! நமக்குக் கை கொடுத்த அந்த இளைஞரின் வண்டியும் அவ்வழியே சென்றிருக்கும்.

உபதேசியார் குனியக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நாமே இறங்கினோம். கல் நினைத்ததைவிடக் கனமாயிருந்தது. அதைச் சுவரோரம் உருட்டி வைத்துவிட்டு வந்து அமர்ந்தோம்.

"முப்பத்தொன்னுங்க சாமி" என்றார் அவர்.