மருமகனின் பனிப்பலகையும் ராத்தாவின் முழங்காலும்

 

வெள்ளவத்தைக் கடற்காற்றில் வாழும் எனக்குப் பனிக்கட்டி என்றால் பிரிஜுக்குள் உறைந்து கிடப்பதுதான். இவருக்கும் பனிச்சறுக்கலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் சிரிக்கக்கூடும். சிரியுங்கள். ஆனால் முழங்கால் வலியோடு ஓர் உம்மாவோ மாமியோ உங்கள் வீட்டிலும் இருப்பார். அவரை நினைத்துக்கொண்டு படியுங்கள்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் ராத்தாவின் மகன் கனடாவில், டொரன்டோ நகரில் வேலை செய்கிறான். சென்ற பனிக்காலத்துக்கு முன்பு ராத்தா பதறியபடி தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, ஒரு பலகையில ரெண்டு காலையும் கட்டிக்கொண்டு மலையில இருந்து சறுக்கப் போறானாம். நீ சொன்னா கேட்பான். ஒரு வார்த்தை சொல்லு."

ஏசுவதற்காகவே அவனை அழைத்தேன். அவனோ சிரித்தான். "மாமா, நான் இன்னும் மலைக்கே போகல்ல. ரெண்டு மாசமா முழங்காலுக்குப் பயிற்சிதான் எடுக்கிறன்" என்றான். எனக்கு ஏச்சு மறந்து போய்விட்டது. விளையாட்டுக்கு முன்பே முழங்காலைப் பற்றி யோசிக்கும் வாலிபனை நான் அதுவரை கண்டதில்லை.

அந்த விளையாட்டுக்கு ஸ்னோபோர்ட் என்று பெயர். 1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பொப்பன் என்ற தகப்பன், தம் பெண்பிள்ளைகள் பனியில் விளையாடுவதற்காக இரண்டு சறுக்குக் கட்டைகளை ஒன்றாக இணைத்துக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்தது 1998இல் ஜப்பானின் நகானோ ஒலிம்பிக் வரை போய்விட்டது. பனியெல்லாம் வெள்ளைக்காரர் விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். காஷ்மீரின் குல்மார்க் ஆழமான பனிக்குப் பெயர்போன இடம். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் பங்கேற்ற ஒரே வீரர் காஷ்மீரைச் சேர்ந்த ஆரிஃப் கான். அவருடையது இரு கால்களுக்கும் தனித்தனிக் கட்டை கட்டும் ஸ்கீ.

மருமகன் போவது டொரன்டோவிலிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பயணத்திலுள்ள புளூ மவுண்டன் மலைக்கு. பக்கத்திலே பெரிய ஏரி. அதன் ஈரத்தை அள்ளி வரும் காற்று பனியாகக் கொட்டுமாம். அப்படிப் பனி குவிந்த நாளில் பலகையின் முன்முனை புதைந்துவிடாமல் இருக்க, உடலின் பாரத்தைக் கொஞ்சம் பின்காலுக்கு மாற்ற வேண்டும். முழங்கால்கள் மடங்கியபடியே, கண்ணுக்குத் தெரியாத கதிரையில் பாதி உட்கார்ந்த மாதிரி இறங்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் பின்தொடை தீயாய் எரியும். களைத்த தொடை முழங்காலைப் பிடித்து வைக்காது. விழுந்தால் இடுப்பளவு பனியிலிருந்து எழுவதும் பெரும்பாடு. தொடங்குபவர்களுக்கு அதிகம் அடிபடுவது மணிக்கட்டுத்தானாம். முழங்கால் முறுகுவது, தூக்கு நாற்காலியிலிருந்து ஒரு காலை மட்டும் கழற்றிய நிலையில் இறங்கும்போது நேரலாமாம். மரங்களின் அடியில் இளகிய பனிக்குழி இருக்கும், அதில் தலைகீழாய் விழுந்தால் மூச்சு முட்டும், அதனால் துணையில்லாமல் அந்தப் பக்கம் போவதில்லை என்றும் சொன்னான். இதை ராத்தாவிடம் நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!

நம் பாவாத மலைக்கு ஏறியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 2,243 மீற்றர் உயரமான அந்த மலையில் 1344இல் இப்னு பதூதாவும் ஏறினார். ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் காலை நடுங்க வைப்பது இறக்கம்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே நம் பாரத்தைத் தாங்குகிறது. அது பலவீனமாக இருந்தால் அடியெல்லாம் முழங்காலில் விழுகிறது. மாடி வீட்டுப் படியில் இறங்கும்போது நம் பெண்கள் கைப்பிடியை இறுகப் பிடிப்பதும் இதனால்தான்.

அவன் செய்த பயிற்சிகளுக்குப் பணமோ இயந்திரமோ தேவைப்படவில்லை. கதிரையிலிருந்து கையூன்றாமல் மெல்ல எழுந்து, அதைவிட மெல்ல உட்காருவது. சுவரில் முதுகைச் சாய்த்துப் பாதி உட்கார்ந்த நிலையில் இருபது முப்பது விநாடி நிற்பது. தாழ்ந்த படியில் ஏறி இறங்குவது. ஒற்றைக் காலில் நிற்பது. மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது. முழங்கால் உள்ளே சாயாமல் பாதவிரல்களின் நேரே இருக்க வேண்டும் என்பதில் மட்டும் அவன் கண்டிப்பு. பலன் தெரிய ஆறு எட்டு வாரமாவது ஆகுமாம்.

இதையெல்லாம் வட்ஸ்அப் வீடியோவில் உம்மாவுக்குக் காட்டியிருக்கிறான், அவர் பயத்தைப் போக்குவதற்காக. ராத்தா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "முதலாவதை நானும் செய்யலாமா மகன்?" என்று கேட்டாராம்.

இந்த இடத்தில் என் தவறைச் சொல்ல வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன் ராத்தா முழங்கால் வலி என்றபோது, வகுப்புக்குப் போகும் அவசரத்தில், "கதிரையில் இருந்து தொழுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். எது முடிகிறது, எது முடியவில்லை என்று கேட்கவில்லை. அவருக்கு நிற்க முடியும். தரையிலிருந்து எழுவதுதான் முடியாது. நிற்க முடிந்தவர் நிலையை நின்றே நிறைவேற்ற வேண்டும், முடியாத பகுதிக்குத்தான் கதிரை என்பதை மாணவர்களுக்கு வருடா வருடம் நடத்துபவன் நான்! ராத்தாவோ என் சொல்லை நம்பித் தக்பீரிலிருந்து ஸலாம் வரை உட்கார்ந்தே தொழுதார். நாளுக்கு ஐந்து வேளை எழுந்து குனிந்த கால்கள் ஓய்ந்தே போயின. வலி கூடியதே தவிரக் குறையவில்லை.

நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "சுஜூதில நெத்தி நிலத்தில படாம இருக்கிறதுதான் தம்பி எனக்குக் கவலை" என்றார். இதை என்னிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

முதலில் டொக்டரிடம் காட்டினோம். தேய்மானம் இருக்கிறது, ஆனாலும் தசையைப் பலப்படுத்துவது நல்லது என்றார். முழங்கால் வீங்கியிருந்தால், சூடாக இருந்தால், பூட்டிக்கொண்டால், மடங்கி விழுத்தினால் நீங்களும் டொக்டரைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம். தசை உளைவது வேறு, மூட்டுக்குள் ஊசி குத்துவது வேறு. குத்தினால் நிறுத்துங்கள்.

ராத்தா உயரமான கதிரையில், மேலே ஒரு தலையணையும் வைத்து, ஐந்து தடவையில் தொடங்கினார். பிறகு தலையணையை எடுத்தார். மூன்றாம் மாதம் கட்டிலைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்து எழுந்தார்.

மருமகன் பனிக்குப் போய் மணிக்கட்டில் சிறு வீக்கத்தோடு திரும்பினான். முழங்காலுக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ராத்தா இப்போது அஸரையும் மஃரிபையும் தரையில் சுஜூது செய்து தொழுகிறார். சுபஹில் முழங்கால் விறைத்திருப்பதால் நிலையை நின்று தொழுதுவிட்டு, சுஜூதுக்குக் கதிரையில் அமர்கிறார். அந்தக் கதிரையை வேறு யாரும் நகர்த்தினால் வீட்டில் சண்டைதான்.