கலம் மறைந்தபின் நிற்கும் சொற்கள்

தொழில் ஒன்று மறையும்போது அதன் கருவிகள் மட்டும் மறைவதில்லை. அத்தொழிலைச் செய்தோரின் நாவில் வழங்கிய சொற்களும் மெல்ல மெல்ல மறைகின்றன. ஆயினும் ஒரு சில சொற்கள், தம்மைப் பெற்ற கலம் மூழ்கிய பின்னரும் கரைசேர்ந்து பிழைத்துக்கொள்கின்றன. பாய்மரக் காலத்து ஆங்கிலப் படகுச் சொற்களை எண்ணிப் பார்க்கையில் இவ்வுண்மை நமக்குப் புலனாகிறது.

பழங்கால வட ஐரோப்பியக் கலங்களில் சுக்கான் இன்றுபோல் பின்புறத்தின் நடுவே அமைந்திருக்கவில்லை. அகன்ற துடுப்பொன்றை வலப்பக்கத்தில் பொருத்தி, அதனாலேயே கலத்தைச் செலுத்தினர். ஆகவே வலப்பக்கம் 'ஸ்டார்போர்டு', அதாவது செலுத்தும் பக்கம், எனப்பட்டது. இடப்பக்கத்திற்கு 'லார்போர்டு' என்று பெயர். சரக்கேற்றும் பக்கம் என்பதே அதன் பொருள் என்பர். புயலிரவில், காற்றின் பேரிரைச்சலுக்கிடையே, ஒன்றுபோல் ஒலிக்கும் இவ்விரு சொற்களுள் ஒன்றை மற்றொன்றாகக் கேட்டுவிட்டால் என்னவாகும்? பாறை இருக்கும் திசையிலேயே கலம் திரும்பிவிடும். எனவே 1844-இல் பிரித்தானியக் கடற்படைத் தலைமையகம் 'லார்போர்டு' என்னும் சொல்லை விலக்கி, 'போர்ட்' என்றே சொல்ல வேண்டுமென ஆணையிட்டது. 1846-இல் அமெரிக்கக் கடற்படையும் அவ்வாறே செய்தது. நூற்றாண்டுகள் பழகிய சொல்லாயினும், மனித உயிருக்கு ஊறு விளையுமெனில் அதனை விட்டுவிடத் தயங்கலாகாது என்பதை மாலுமிகள் அறிந்திருந்தனர்.

வேறு சில சொற்களோ கடலைவிட்டு மனித உள்ளத்தில் குடிபுகுந்தன. 'ஃபேதம்' என்பது நீரின் ஆழத்தை அளக்கும் ஆறடி அளவு. பழைய ஆங்கிலத்தில் அது விரித்த இரு கைகளையும், அக்கைகளால் அணைத்துக்கொள்வதையும் குறித்தது. நம் கடற்கரை மக்களும் இரு கைகளை விரித்த நீளத்தைப் 'பாகம்' என்று வழங்குவர். அளவாயிருந்த அந்த ஆங்கிலச் சொல், பின்னர் ஒன்றின் ஆழத்தை உணர்ந்து புரிந்துகொள்வதற்கும் பெயராயிற்று. அணைத்துக்கொள்ளாமல் எவரையும் முழுமையாய்ப் புரிந்துகொள்ள இயலாது என்று அச்சொல் நமக்கு உரைப்பது போலுள்ளது!

'அலூஃப்' என்னும் சொல்லின் கதை இதற்கு நேர்மாறானது. காற்று கலத்தைக் கரையை நோக்கித் தள்ளும்போது, முகப்பைக் காற்றின் பக்கமாகத் திருப்பி விலகிச் செல்லுமாறு இடும் கட்டளையிலிருந்து அது பிறந்தது. அன்று அது உயிர்காக்கும் குரல். இன்றோ பிறர் துயரில் ஒட்டாமல் ஒதுங்கி நிற்பவரைக் குறிக்கும் சொல். எல்லாரோடும் சேர்ந்து காப்பாற்றப்படுவதற்காக விலகியது ஒருகாலம். தாம் மட்டும் தனித்திருக்க விலகுவது இக்காலம்.

இத்தகைய சொற்கள் அழிந்துபோகாமலிருக்க உழைத்தவர்களுள் ஒருவர் வில்லியம் ஹென்றி ஸ்மித் என்னும் பிரித்தானியக் கடற்படைத் தளபதி. மாலுமிகளின் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கினார். 1865-இல் அவர் மறைந்தார். 1867-இல் நூல் வெளிவந்தது. நீராவிக் கப்பல்கள் பாய்மரங்களை விரட்டிக்கொண்டிருந்த காலம் அது. கற்றறிந்தோர் பொருட்படுத்தாத மாலுமியின் பேச்சையும் செல்வமென மதித்தமையால், இன்றும் நாம் அதனைப் பயில முடிகிறது.

அந்த ஆங்கிலக் கடற்சொற்களின் நடுவே நம் சொல் ஒன்றும் இருப்பதை மறக்கலாகாது. கட்டுமரம்! ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலில், சோழமண்டலக் கரையில் வழங்கிய இப்பெயரைக் குறித்துள்ளார். காலப்போக்கில் 'கட்டமரான்' என்றாகி, அருகருகே இரு உடற்பகுதிகள் இணைந்த படகுகளுக்கு அது பெயராயிற்று. மரங்களைக் கயிற்றால் பிணைத்த நம் எளிய மிதவைக்கும் இன்றைய உல்லாசப் படகுகளுக்கும் உருவத்தில் ஒற்றுமை ஏதுமில்லை. பெயர் மட்டும் உலகெங்கும் உலவுகிறது.

ஆனால் பிறந்த மண்ணில் நிலை என்ன? 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரைகளில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின, கட்டுமரங்கள் அருகின. மீனவரின் உழைப்பை எளிதாக்கும் எந்த மாற்றத்தையும் நாம் குறைகூற மாட்டோம். 'லார்போர்டு' சென்றதுபோல் செல்லவேண்டியவை செல்லட்டும். எனினும் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றுக்கெல்லாம் பெயரிட்டு, அதன் குணமறிந்து வாழ்ந்த முதியோரின் மொழி எவரும் எழுதிவைக்காமலே மண்ணுக்குள் போகவேண்டுமா? நம் பங்குகளில் உள்ள இளைஞர்கள் ஒரு குறிப்பேட்டுடன் அம்முதியோர் அருகில் அமர்ந்தால், அதுவும் பெற்றோரைப் பேணும் கடமையின் ஒரு பகுதியன்றோ?

ஆலயத்தில் மக்கள் கூடியிருக்கும் நடுப்பகுதிக்கு ஆங்கிலத்தில் 'நேவ்' என்று பெயர். கப்பல் என்னும் பொருள்கொண்ட 'நாவிஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. ஞாயிறுதோறும் நாம் அனைவரும் ஒரே கலத்தில்தான் அமர்கிறோம். அக்கலத்தில் முதியவரின் நினைவும் இளைஞரின் கைகளும் ஒருங்கே பயணம் செய்யட்டும்.