முடி காணிக்கை

ஆரணி புதுக்காமூரில், கமண்டல நாகநதிக் கரையில் எழுந்தருளியிருக்கும் புத்திரகாமேட்டீஸ்வரரை வேண்டிப் பெற்ற பிள்ளை எங்கள் மகன். தசரதர் வேள்வி செய்த தலம் என்பர் பெரியோர். எட்டாம் மாதத்தில் குழந்தை வெளுத்துச் சோர்ந்தான். தலசீமியா என்றார்கள். என் குருதியிலும் கணவர் குருதியிலும் வெளித்தெரியாமல் இருந்த குறை, இருவரிடமிருந்தும் ஒருசேர அவனை வந்தடைந்திருந்தது. இத்தகைய பெற்றோருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டாம்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றினோம். மறுநாளே தறியைச் சுற்றி ஓடுவான். அவனுக்கு நான்கு வயதானபோது, மூத்தவளின் எலும்பு மஜ்ஜை முழுமையாகப் பொருந்துவதாகவும், மாற்றுச் சிகிச்சையை இப்போதே செய்யலாம் என்றும் மருத்துவர் கூறினார்.

"ஓடியாடும் பிள்ளையையா படுக்கையில் போடுவது?" என்று என் மாமியார் அழுதார். என் மனமும் அதையே கேட்டது. கடும் மருந்துகளால் முதலில் அவனுடைய மஜ்ஜையை அழிப்பார்கள். புதியது பிடிக்காமற் போகலாம். பிடித்தபின் அவன் உடலையே எதிர்க்கவும் கூடும். உயிருக்கு எவரும் உறுதி தரவில்லை.

ஆனால், ஏற்றும் இரத்தத்தோடு இரும்பும் சேர்ந்து கல்லீரலிலும் இதயத்திலும் படிகிறது. இத்தாலியின் பெசாரோ நகரில் மருத்துவர் லூக்கரெல்லி, கல்லீரலின் வீக்கம், அதன் தழும்பு, இரும்பை நீக்கும் மருந்து முறையாகக் கொடுக்கப்பட்டதா என்ற மூன்றையும் கொண்டு பிள்ளைகளை வகைப்படுத்தினார். இம்மூன்றிலும் குறையில்லாதவர்களுக்கே சிகிச்சை மிக நன்றாகப் பலித்தது. நமக்கு அருகிலேயே, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் இது நடைபெறுகிறது. செலவுக்கு, கோல் இந்தியா நிறுவனம் 2017இல் தொடங்கிய திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டென்று அறிந்து விண்ணப்பித்தோம்.

கணவர் அதிகம் பேசாதவர். "பாவில் இழை அறுந்தால் அப்போதே முடிச்சுப் போடுகிறோம். நாலு முழம் நெய்துவிட்டா தேடுவோம்?" என்றார்.

ஒன்பது வயது மகள், "நான் கொடுத்துவிட்டால் எனக்குக் குறைந்துவிடுமா?" என்று கேட்டாள். சில வாரங்களில் ஊறிவிடும், இடுப்பில் சிலநாள் வலி இருக்கும் என்று மறைக்காமல் சொன்னேன். பிறகு, "மருந்தில் தம்பிக்கு முடி கொட்டிவிடுமாமே, படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்ட மொட்டை?" என்றாள்.

ஐந்து வயதில் செலுத்துவதாக நேர்ந்துகொண்டவர் மாமியார். சற்றுநேரம் பேசாதிருந்தார்.

"வருகிற வெள்ளிக்கிழமையே போவோம். கொட்டுவதற்கு முன் அம்மனுக்குக் கொடுத்துவிடலாம்" என்று சொல்லிவிட்டு, பேரனின் புதுச்சட்டையைத் தேட எழுந்தார்.