தாய்வீடு

தலைப்பிரசவத்திற்குப் பெண் தாய்வீடு செல்வது நம் மரபு. தில்லிக் குளிரில், நாங்கள் சோறிட்டு வந்த தெருநாய் கறுப்பி, எங்கள் மாடிப்படியடியையே தன் தாய்வீடாகக் கொண்டது.

நாயின் சூல்காலம் ஏறத்தாழ 63 நாள். முதலிரு குட்டிகள் எளிதில் பிறந்தன. மூன்றாவதற்கு அது முக்கி முனகியும் பயனில்லை. இவ்வாறு 30 நிமிடம் கடந்தால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. ஆதலின் கால்நடை மருத்துவரை அழைத்தோம். அவர் குறுக்கே சிக்கிய குட்டியை மெல்லத் திருப்பி எடுத்தார். அதனிடம் அசைவில்லை. சவ்வை நீக்கி, மூக்கையும் வாயையும் துடைத்து, பழந்துணியால் விடாது தேய்த்தோம். நெடுநேரத்திற்குப் பின் மெல்லியதொரு முனகல் எழுந்தது. எங்கள் அன்னையார் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

பிறந்த குட்டிக்குத் தன் உடற்சூட்டைக் காக்கும் ஆற்றல் இல்லை. வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைத்தோம். முதல்நாளே சீம்பால் அருந்தினால்தான் நோயெதிர்ப்பாற்றல் கிட்டும். சோர்ந்து கிடந்த கறுப்பியோ அதனை ஏறிட்டும் பார்க்கவில்லை. மற்றவற்றோடு சேர்த்து மடியில் விட்டுக் காத்திருந்தோம். விடியும் வேளையில் கறுப்பி அதனை நக்கத் தொடங்கியது.

இரு வாரத்தில் கண்கள் திறந்தன. பின்னர் ஒன்று பஞ்சாபியர் இல்லத்திற்கும் மற்றொன்று வங்காளியர் இல்லத்திற்கும் சென்றன. மூன்றாவது எங்களுடனேயே வளர்கிறது. தமிழில் அழைத்தாலும் இந்தியில் அழைத்தாலும் ஓடி வருகிறது.