உளி வழுக்கிய இடம்

மலர்க் குழுவினர் கட்டுரையொன்று கேட்டபோது, விளையாட்டு வெற்றிகளை எழுத எம்மினும் வல்லார் பலர் உளராதலின், சித்திர அறையில் நாம் இழைத்த பிழையொன்றை எழுதத் துணிந்தோம்.

1970 ஆம் ஆண்டின் இறுதிக் காலம். பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவருக்கும் சிங்கள மாணவருக்கும் வெவ்வேறு புள்ளிகள் விதிக்கப்பட்டதை எதிர்த்து யாழ்ப்பாணத்து வீதிகளில் மாணவர் ஊர்வலம் சென்றனர். எம்முடன் ஒரே வாங்கில் இருந்த நண்பர் அதில் நடந்தார். நாமோ தந்தையாரின் சொல்லுக்கஞ்சி மதிலருகே நின்று பார்த்தோம்.

அந்நாட்களில் கல்லூரிக் கண்காட்சிக்காக லினோவில் அச்சுப்படம் வெட்டும் பணி எம்மிருவருக்கும் கிடைத்தது. சித்திர ஆசிரியர் தந்த நூலிலிருந்து நண்பர் தெரிந்தெடுத்தது, பிரெஞ்சு ஓவியர் தெலக்குருவா 1830 இல் தீட்டிய ‘மக்களை வழிநடத்தும் சுதந்திரம்’ என்பதாகும். அவ்வாண்டு யூலையில் பாரிசு மக்கள் மன்னனுக்கெதிராக எழுந்த கிளர்ச்சியே அதன் பொருள். கொடியேந்திய மங்கையையே எவரும் முதலிற் காண்பர். நண்பரோ அவளுக்குப் பின்னால் இருமுனைத் தொப்பியுடன் நிற்கும் ஒருவனைச் சுட்டி, “இவன் மாணவன்” என்றார். அது பொலித்தெக்னிக் கல்லூரி மாணவரின் சீருடைத் தொப்பி. அக்கல்லூரியின் வனோ என்னும் மாணவர் யூலை 29 இல் படைமுகாமொன்றைத் தாக்குகையில் உயிர்துறந்தார்.

இரண்டரை மீற்றருக்கு மேல் உயரமான ஓவியத்தை எட்டங்குலத்தில் அடக்கவேண்டியிருந்தது. முதன்முறை கண்டபடியே வரைந்து வெட்டினோம். அச்செடுத்தால், மங்கையின் வலக்கைக் கொடி இடக்கைக்கு மாறியிருந்தது! ஆசிரியர் சினவாது, மென்தாளிற் பிரதிசெய்து அதனைப் புரட்டிப் பதிக்கும் முறையைக் காட்டினார். லினோவில் அகழ்ந்த இடம் வெண்மையாகவும் எஞ்சியது கருமையாகவும் பதியும். ஓவியர் புகையிலும் நிழலிலும் கரையவிட்ட உருவங்களை, நாம் கறுப்பா வெள்ளையா என்று முடிவுசெய்தே ஆகவேண்டும்.

மாணவனின் தலை பெருவிரல் நகத்தளவே. அதனை மறுநாள் தாமே வெட்டுவதாகக் கூறி நண்பர் சென்றார். அவரில்லாத வேளையில் நாம் உளியை எடுத்தோம். அது வழுக்கிற்று. தொப்பியோடு முகமும் போயிற்று. தாளில் அழித்தெழுதுவதுபோல் லினோவில் இயலாது. நண்பர் பலகையை நெடுநேரம் நோக்கி, “நீர் ஊர்வலத்துக்கும் வரேல்லைத்தானே” என்றார். அவ்வளவே.

பின்னர் படித்தறிந்தோம்: அவ்வோவியத்தை அரசு 1831 இல் 3000 பிராங்கு கொடுத்து வாங்கி, சில காலத்துள் மக்கள் பார்வையிலிருந்து அகற்றிவிட்டதாம். லூவர் சேர்ந்தது 1874 இல். அச்சுப்படத்தை அவ்வாறு ஒளிப்பது எளிதன்று. 1968 மே மாதத்தில் பாரிசு நுண்கலைக் கல்லூரி மாணவர் முதலிற் கல்லச்சிலும், அது வேகம் போதாதெனப் பட்டுத்திரையிலும் சுவரொட்டிகள் பதித்தனர். எதிலும் எவரும் பெயரிடவில்லை.

எமது பிரதிகளில் ஒன்று இன்றும் வீட்டில் உளது. நண்பர் இல்லை. அண்மையிற் பேரன், மங்கையின் பின்னாலுள்ள வெள்ளைத் திட்டு யாதென வினவினான். புகை என்றோம்.